லேசாக இருந்தால் நம்பக் கூடாது

சட்டையில் எண்ணெய்க் கறை இல்லை. சின்னவளுக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

தோள் வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்த அக்காவின் சட்டை அது. காலர், தோள்பட்டை, முதுகு என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். தைலம் இல்லை, களிம்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சோப்பு வாசனையும் அக்காவின் வியர்வையும்தான் இருந்தன. அவ்வளவு நேரம் கையாலேயே வைத்தியம் பார்த்தவன் எதைப் போட்டுத் தேய்த்தான்? தேய்க்கவே இல்லை என்றால் உள்ளே என்னதான் செய்துகொண்டிருந்தான்?

அக்காளும் தங்கையுமாகச் சலவைக் கடை நடத்துகிறார்கள். கீழே கடை, மேலே வீடு. வாடிக்கையாளர்களுக்கு மூத்தவள் பெரியக்கா, இளையவள் சின்னக்கா. சின்னக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அந்தச் ‘சின்ன’ மட்டும் இன்னும் போகவில்லை. பெரியவளுக்கு நீராவி அழுத்தி மேசை. வலது காலால் பெடலை மிதித்தால் மேல் பலகை இறங்கும், கையால் இழுத்து அமுக்கினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், அடுத்த சட்டை. நாள் முழுக்க இதே கூத்துதான். சின்னவளுக்குக் கல்லாவும் கறையும். துணியை வாங்கும்போதே விரித்துப் பார்த்து இது காப்பி, இது மை, இது உதட்டுச் சாயம் என்று பிரித்துவிடுவாள். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வங்கி அதிகாரியின் சட்டைப் பையில் பொசுங்கல் ஓட்டையைக் கண்டுபிடித்து, அவர் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே விரலை விட்டுக் காட்டியவள் அவள். கறை பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்பது அவள் கட்சி. இப்படிப்பட்டவள் கண்ணுக்குக் கறையே இல்லாத சட்டை ஒன்று வந்தால் சும்மா இருப்பாளா?

பெரியவளுக்குக் கொஞ்ச நாளாகவே வலது கை மேலே எழும்பவில்லை. தேய்த்த சட்டையை மேல் கம்பியில் மாட்டப் போனால் பாதியிலேயே ‘அம்மா’ என்று நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தோளை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் மேசை விரிப்புகளைச் சலவைக்குப் போடும் ஓட்டல் சமையல்காரர் இந்த ஆளைப் பற்றிச் சொன்னார்.

“ஆஸ்டியோபதின்னு ஒரு வைத்தியம் பெரியக்கா. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. அவர் கை வெச்சாலே போதும். என் இடுப்பு இப்ப எப்படி இருக்கு பாருங்க.”

“நம்ம கல்லாவுல கை வைக்காம இருந்தா சரி” என்றாள் சின்னவள். அன்றிலிருந்து அவள் வாயில் அவருக்குக் கைவைப்பவர் என்றே பெயர்.

முதல் தடவை போய்விட்டு வந்த அக்காவை உட்காரவைத்து விசாரணை நடந்தது.

“என்ன பண்ணினான்?”

“முதல்ல நடக்கச் சொன்னார். அப்புறம் படுக்க வெச்சுக் காலைப் பிடிச்சுப் பாத்தார். இடுப்பைத் திருப்பினார். விலாவுல கையை வெச்சுட்டு மூச்சு விடுங்கன்னார்.”

“தோளு?”

“கடைசியா தொட்டார்.”

“தோள் வலின்னு போனா காலைப் பிடிக்கிறானா? காலைப் பிடிக்கிறவன் எவனும் சும்மா பிடிக்க மாட்டான்க்கா, ஏதோ காரியம் இருக்கு.”

பெரியவள் சிரித்தாள். “பெடல் மிதிக்கிறேன்ல, அதனால வலது இடுப்பு ஏறிப்போய் நிக்குதாம். அது விலாவை இழுக்குதாம். விலா இழுக்க, தோள் இறுகிப்போச்சாம். உடம்புங்கறது ஒரே துணி மாதிரின்னார். ஓரத்துல யாரோ இழுத்தா நடுவுல சுருக்கம் விழும். சுருக்கத்தையே போட்டுத் தேச்சுட்டிருந்தா போகாது, இழுக்கிற ஓரத்தைக் கண்டுபிடிச்சு விடணும்னார். விட்டா, மிச்சத்தை உடம்பே பாத்துக்குமாம்.”

சின்னவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த உவமை நன்றாக இருந்ததுதான் காரணம். “நம்ம தொழிலை நமக்கே சொல்லி மயக்குறான். டிரைவர் போனா உடம்பு வண்டி மாதிரின்னு சொல்லுவான். வேற என்ன கேட்டான்?”

“எல்லாம் கேட்டார். எப்பவாவது விழுந்தீங்களா, எந்தப் பக்கம் படுப்பீங்க, பிரசவம் எப்படி ஆச்சு, வீட்டுல யார் யாரு…”

“வீட்டுல யார் இருந்தா அவனுக்கென்ன?”

“முழு ஆளையும் பாக்கணுமாம்டி. தோள் மட்டும் தனியா நடந்து வரலையேன்னு சிரிக்கிறார்.”

வைத்தியம் பலிக்காமல் போயிருந்தால் சின்னவள் நிம்மதியாக இருந்திருப்பாள். பலித்தது, அதுதான் வினை. பெரியவளின் கை முதலில் காது வரை போயிற்று, அப்புறம் தலைக்கு மேல் போயிற்று, ஒருநாள் யாரையும் கூப்பிடாமல் தானே மேல் கம்பியில் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டுத் திரும்பினாள். அக்காவின் வலி போவதில் சின்னவளுக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் வலி போகப் போக வேறு சில பழக்கங்கள் வந்து சேர்ந்தன. மகனிடமிருந்து போன் வந்தால் பெரியவள் கொல்லைப் பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தாள். அங்கே ஆவிக் குழாய் சீறிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நின்றாலும் ஒரு வார்த்தை காதில் விழாது. “இனிமே சின்னவகிட்டயே சொல்லிடுங்க” என்று வாடிக்கையாளர்களை இந்தப் பக்கம் தள்ளினாள். “நீயும் பெடல் மிதிச்சுப் பழகு, என் தோளுக்கு ஓய்வு” என்று தங்கையை மேசைக்கு முன்னால் நிறுத்தினாள்.

மகன் தூரத்து நகரத்தில் இருக்கிறான். குழந்தை பிறந்தபோது, “அம்மா, எங்ககூடவே வந்துடு. சித்தி சமாளிச்சுப்பாங்க” என்று கேட்டவன்தான். பெரியவள், “கடையை யாருடா பாப்பாங்க?” என்று சிரித்து முடித்துவிட்டாள். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் சின்னவள் இத்தனை நாள் தூங்கினாள். அவளுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அக்காளின் புருஷன் கண்ணை மூடிய பிறகு மேல் வீட்டில் இரண்டே பேர். அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் அவள் யாரோடு சண்டை போடுவாள்? அந்தப் பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. பயத்தைப் பயம் என்று ஒத்துக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்காததால் பழியைத் தூக்கிக் கைவைப்பவர் தலையில் போட்டாள். அவன்தான் அக்கா காதில் என்னவோ ஓதுகிறான்.

“அடுத்த தடவை நானும் வரேன்” என்றாள்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடி. காத்திருக்கும் அறையில் நாற்காலிகள், மூலையில் கொக்கியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. சின்னவள் அதையும் நம்பாமல் ஒருமுறை முறைத்துவிட்டு உட்கார்ந்தாள். கைவைப்பவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நாற்பது சொச்சம் வயது, ஒல்லி, கையை மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கிய மாதிரி பெரிசு. அக்காவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். கதவு முழுக்கச் சாத்தாமல் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தே நின்றது. சின்னவள் நாற்காலியை அந்த இடைவெளிப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவர் குரல் வந்தது.

“விடுங்கம்மா.”

“விட்டுட்டேன்” என்றாள் அக்கா.

“இல்ல, விடல. இன்னும் நீங்கதான் தாங்கிட்டிருக்கீங்க.”

“பழகிப்போச்சு.”

“எவ்வளவு நாளா?”

“கடை வெச்சதுலேர்ந்துன்னு வெச்சுக்குங்க.”

“போதும்மா. இனிமே நீங்க தாங்க வேண்டாம். நீங்க விட்டாத்தான் அது தன் வேலையைத் தானா பாத்துக்கும்.”

பிறகு அக்கா, சின்னவள் என்றைக்கும் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னாள்: “விட்டா விழுந்துடுமோன்னு பயமா இருக்கு.”

“விழாது. நான் இருக்கேன்ல.”

சின்னவளுக்குக் காது அடைத்துவிட்டது. ‘அது’வாம். சின்ன வயதிலிருந்து அக்கா தன்னைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் அப்படித்தான் பேசுவாள். அதுக்குக் காரம் ஆகாது, அதுக்குக் கோபம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேசாது. இப்போது அந்த ‘அது’வைத்தான் விடச் சொல்கிறான். கடை வைத்த நாளிலிருந்து தாங்கியது போதுமாம். வீட்டில் யார் யார் என்று கேட்டது இதற்குத்தானா?

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியவள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். சின்னவள் ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

பிடிப்பதற்கு ஒரு நோய் வேண்டும். இடுப்பு வலி என்று வைத்துக்கொண்டாள். இல்லாத இடுப்பு வலிக்கு அவன் வைத்தியம் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். சாமான் வாங்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மாடிப்படியிலிருந்தே நொண்டிக்கொண்டு ஏறினாள். பிரமாதமாக நொண்டினாள். உள்ளே போய், “இடது இடுப்பு உயிர் போகுது” என்று முகத்தைச் சுளித்து இரண்டடி நடந்தும் காட்டினாள்.

கைவைப்பவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படியில வரும்போது பாத்தேன், வலது காலை நொண்டினீங்க” என்றார்.

சின்னவளுக்கு முகம் சூடாயிற்று. “வலி மாறி மாறி வரும்.”

“வரும் வரும். படுங்க, பாப்போம்.” சிரிக்காமல்தான் சொன்னார், அதனால் இன்னும் கோபம் வந்தது.

காலைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலை மடக்கிச் சுழற்றினார், இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து எதையோ ஒப்பிட்டார். தேய்க்கவில்லை, அமுக்கவில்லை. “இடுப்புல ஒண்ணும் இல்லம்மா. இந்த வயசுக்கு நல்லாவே இருக்கு” என்றார்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லாத நோயை இல்லை என்று சொல்லிவிட்டான். “வலிக்குதுங்கறேன், இல்லைங்கறீங்க. நான் பொய் சொல்றேனா?”

“அப்படிச் சொல்லல. நானும் ஒரு சந்தேகப் பிராணிதாம்மா. வலிக்குதுன்னு காட்டுற இடத்தை நான் எப்பவும் அப்படியே நம்பறதில்ல. அது கத்துற இடம், அவ்வளவுதான். தப்பு பண்ற இடம் வேற எங்கயாவது சத்தம் போடாம உக்காந்திருக்கும்.”

சின்னவளுக்கு இந்தப் பேச்சு மட்டும் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவள் தலைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து லேசாகத் தூக்கினார். “தலையை என்கிட்ட குடுத்துடுங்க. நீங்க பிடிச்சுக்க வேண்டாம்.”

“குடுத்துட்டேன்.”

“முழுசா குடுத்துட்டீங்களா?”

“அதான் குடுத்துட்டேன்னேனே.”

அவள் மூக்குக்கு நேரே இரண்டு பெரிய உள்ளங்கைகள் வந்து விரிந்தன. “என் ரெண்டு கையும் இங்க இருக்கு. அப்ப தலையை யார் பிடிச்சிட்டிருக்கா?”

சின்னவளின் தலை தலையணையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து வலித்தது. கீழே இறக்க நினைத்தாள், உடனே இறங்கவில்லை. யோசித்து யோசித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. அவமானம் தாங்காமல் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“எல்லாரையும் விடு விடுன்னு சொல்றதுதான் உங்க வைத்தியமா? என் அக்காகிட்ட என்னை விட்டுடச் சொன்னீங்களே, அதுவும் வைத்தியமா?”

கைவைப்பவர் முழித்தார். “நானா? உங்களையா?”

“காதால கேட்டேன். ‘விடுங்க, தாங்கினது போதும், அது தானா பாத்துக்கும்’னு சொல்லல?”

அவர் கதவைப் பார்த்தார், அந்த விரல் அகல இடைவெளியைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “கதவைச் சரி பண்ணாதது என் தப்பு. ஒருத்தங்க விஷயத்தை இன்னொருத்தங்ககிட்ட நான் பேசக் கூடாது. இதை மட்டும் சொல்றேன். நான் சொன்னது கையைம்மா. அவங்க கையை என் கையில வெச்சுட்டு, தோளைத் தளர விடுங்கன்னேன். ‘அது’ன்னா தோளு.”

“விட்டாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கனத்தை வெச்சுத்தான். நிஜமாவே விட்டுட்டா கை கனக்கும். அவங்களே பிடிச்சுட்டிருந்தா லேசா இருக்கும். வாய் எல்லாருக்கும் விட்டுட்டேன்னுதான் சொல்லும். லேசா இருந்தா நான் நம்ப மாட்டேன்.”

இத்தனை நாள் கட்டி எழுப்பிய சந்தேகம் இப்படிக் கையில் வந்து முடிந்ததில் சின்னவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெரிய நிம்மதியாகவும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். அவள் புத்தி அப்படி, ஒரு கறை போனால் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடாது.

“சரி, நீங்க சொன்னது தோளை. ‘விட்டா விழுந்துடுமோன்னு பயமா இருக்கு’ன்னு அக்கா சொன்னாளே, அவ சொன்னதும் தோளைத்தானா?”

கைவைப்பவர் தலையணையைத் தட்டி நேராக்கினார். “அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்” என்றார்.

கடைக்குத் திரும்பியபோது மத்தியானச் சந்தடி அடங்கியிருந்தது. பெரியவள் ஆவி மேசையை நிறுத்திவிட்டு, தொங்கும் கோட்டுகளுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சாமான் பை காலியாக வந்ததை அவள் பார்த்தாள். சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கையைக் குடு.”

“எதுக்கு?”

“குடேன்.”

டம்ளரை வைத்துவிட்டு வலது கையை நீட்டினாள். சின்னவள் முழங்கைக்கு அடியில் ஒரு கையும் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தாங்கினாள். “இப்ப விடு.”

“அடிப்பாவி, அங்க போயிட்டா வர?” என்று சிரித்துக்கொண்டே பெரியவள் கையை விட்டாள். நல்ல கனம். ஈரப் போர்வையைத் தூக்கிய மாதிரி இருந்தது.

“தோள் இப்ப வலிக்குதா?”

“துளிகூட இல்ல.” கனம் மாறவில்லை.

“என் நீலச் சட்டையைப் பொசுக்கினது நீதானே?”

“நான் ஏன்டி பொசுக்கப் போறேன்?” என்று பெரியவள் சொன்ன அதே கணத்தில் கை தக்கையாக லேசாயிற்று. சின்னவள் தன் இரண்டு கையையும் சட்டென்று எடுத்துவிட்டாள். பெரியவளின் கை விழாமல் காற்றில் நீட்டியபடியே நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரி, நான்தான். இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் அதுமேலயே வெச்சுட்டேன். ரெண்டு மாசமா சொல்ல முடியாம தவிக்கிறேன்.” அவள் சிரிக்கச் சிரிக்கக் கை மறுபடியும் கனத்துத் தங்கையின் உள்ளங்கையில் இறங்கியது.

நல்ல வித்தைதான் என்று சின்னவள் நினைத்தாள். இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்துகிறவளாக இருந்தால் அவள் வங்கி அதிகாரியின் பையில் விரலை விட்டிருக்க மாட்டாள்.

“பையன்கிட்ட போயிடப் போறியா?”

“எங்கடி போவேன்?” என்றாள் பெரியவள், பழைய சிரிப்பு மாறாமல். “கடையை யார் பாப்பாங்க?”

கையில் கனமே இல்லை. வெறும் சட்டைக் கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

மற்ற நாளாக இருந்தால் மாட்டிக்கிட்டியா என்று கத்தியிருப்பாள். இத்தனை நாள் துருவித் துருவித் தேடியது கையில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தாள். இந்தத் தடவை அவள் தன் கைகளை எடுக்கவில்லை.

“விடுக்கா” என்றாள்.

“விட்டுட்டுத்தானே இருக்கேன்.”

“இல்ல. லேசா இருக்கு.”

பெரியவளின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தொங்கிய கோட்டு ஒன்று அவள் தலைமயிரை உரசிக்கொண்டிருந்தது, அதைத் தள்ளக்கூட இல்லை.

“குழந்தை தவழ ஆரம்பிச்சிடுச்சாம்டி” என்றாள் கடைசியில். “போகணும்போல இருக்கு. உன்னை விட்டுட்டு எப்படின்னுதான்…”

சொல்லி முடிப்பதற்குள் கை கனத்தது. முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் சேர்ந்து, அக்காவின் மொத்த ஆளும் அந்த ஒரு கை வழியாக இறங்கி வருகிற மாதிரி சின்னவளின் மடி வரை அழுத்தியது. கை வலித்தது. அவள் கீழே விடவில்லை.

“போயிட்டு வாக்கா” என்றாள். “எனக்கென்ன, நான் விழ மாட்டேன்.”

பெரியவள் நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்னவளின் இரண்டு கையும் அக்காவின் கைக்கு அடியில் இருந்தன. நல்லவேளை, அவள் கையை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.